ஒரு நிரை பிறழ்ந்தபோது

கண்ணிலுள்ள கலமும் ஈரலிலுள்ள கலமும் ஒரே முதுசொத்துக்கு உரித்துடையன. கருக்கட்டிய ஒரு தனிக்கலம் பிரிந்து பிரிந்து பல்கியதன் வழித்தோன்றல்களே அவை யாவும். ஆதலின், சில விலக்குகள் தவிர, பரம்பரையலகுகளாகிய அச்சொத்து பாகப்பிரிவினை எதுவுமின்றி ஒவ்வொரு கலத்துக்கும் முழுமையாகவே சென்றடைந்துள்ளது. எனினும் ஈரற்கலம் பித்தத்தைச் சுரக்கின்றது. விழித்திரைக் கலம் ஒளியை உணர்கின்றது. உரித்து ஒன்றாயினும் அனுபவிப்பு வேறு. எந்தக் காணியை உழுவது, எதனைத் தரிசாக விடுவது என்பது கலத்துக்குக் கலம் வேறுபடுகின்றது. உழப்படும் காணியை இனங்காட்டுவது அதிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறு. அது மிகுந்திருப்பின் அப்பரம்பரையலகு மும்முரமாகத் தொழிற்படுகின்றது, அருகியிருப்பின் உறங்குகின்றது. இதனையே பரம்பரையலகின் வெளிப்பாடு என உயிரியலார் வழங்குவர். நோயுற்ற கலத்தில் இவ்வெளிப்பாடு மாறிவிடுகின்றது. ஆகவே வெளிப்பாட்டை அளக்கத் தெரிந்தவர் நோயின் அந்தரங்கத்தைக் கேட்கத் தெரிந்தவராவர் என்ற நம்பிக்கை விஞ்ஞான உலகில் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அளத்தல் எளிதன்று. ஆர்.என்.ஏ. இலகுவில் அழியும் இயல்பினது. தொடுபவரின் விரற்றோலில் ஒட்டியிருக்கும் நொதியமே அதனைச் சிதைத்துவிடப் போதுமானது. 1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆல்வைன், டேவிட் கெம்ப், ஜோர்ஜ் ஸ்ராக் ஆகிய மூவரும் ஒரு வழியைக் கண்டனர். ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைக் கூழ்ப்படை ஒன்றின் ஊடாக மின்னோட்டத்தாற் செலுத்திப் பருமன்வாரியாகப் பிரித்து, பதனிட்ட தாளொன்றுக்கு மாற்றி, தேடப்படும் பரம்பரையலகுக்கு இணையானதும் கதிர்த்தொழிற்பாடுடையதுமான டி.என்.ஏ. இழையொன்றை அத்தாளின்மேல் விடுவதே அவ்வழி. எக்ஸ் கதிர்ப் படத்தில் விழும் கரிய பட்டையின் அடர்த்தி வெளிப்பாட்டின் அளவாயிற்று. டி.என்.ஏ.க்கென இத்தகையதொரு முறையை 1975 இல் வெளியிட்ட பிரித்தானியரின் பெயர் எட்வின் சதேர்ண். அப்பெயருக்குத் ‘தெற்கத்தியர்’ என்று பொருள். அதனால் ஆர்.என்.ஏ.க்குரிய முறை ‘வடக்கு’ எனப் பெயர்பெற்றது. ஆய்வுகூடத்து நகைச்சுவையொன்று பாடநூலிற் கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது.

வடக்கு முறையால் ஒரு வேளையில் ஒரு பரம்பரையலகை, அல்லது மிகச் சிலவற்றையே, அளக்க முடிந்தது. 1995 இல் அதே ஸ்ரான்போட்டைச் சேர்ந்த மார்க் ஷேனா, டாரி ஷலோன், ரொனால்ட் டேவிஸ், பற்றிக் பிரவுண் ஆகியோர் கண்ணாடித் தட்டொன்றில் டி.என்.ஏ.யைப் புள்ளி புள்ளியாகப் பதித்து, கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றின் 45 பரம்பரையலகுகளை ஒருங்கே அளந்துகாட்டினர். ஒளிரும் சாயமூட்டிய மாதிரியை அத்தட்டின்மேல் விடும்போது எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கின்றதோ அவ்வளவே அதற்குரிய பரம்பரையலகின் வெளிப்பாடு. சில ஆண்டுகளுக்குள் 45 என்பது 12,000ஐத் தாண்டியது. மைக்ரோஅறே எனப்பட்ட இச்சில்லுகள் கடையில் வாங்கத்தக்க பண்டமாயின. 1999 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஆய்வாளர் குழுவொன்று, தீவிர வெண்குருதிப் புற்றுநோயின் இரு வகைகளை வெளிப்பாட்டு அளவைக்கொண்டு மட்டுமே வேறுபிரித்துக் காட்டியது. நுணுக்குக்காட்டியின் முன் ஆயுளைக் கழித்த நோயியலாளரின் கண் கண்டறிவதை எண்களும் கண்டறிந்தன. இனி எதுதான் இயலாது என்ற பெருமிதம் அக்காலத்துக் கட்டுரைகள் பலவற்றில் இழையோடுவதைக் காணலாம்.

ஈண்டுக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. வடக்கு முறையில் அளந்தவர் தாம் தேடிய பரம்பரையலகின் பெயரைத் தம் மனத்திலே வைத்திருந்தார். பட்டை ஒன்று, பெயர் ஒன்று. சில்லு வந்த பின்னரோ எண் ஓரிடத்திலும் பெயர் வேறோரிடத்திலும் இருக்கலாயின. பல்லாயிரம் நிரைகளைக் கொண்ட அட்டவணையொன்றில் எண்ணையும் பெயரையும் பொருத்திவைக்கும் பொறுப்பு மனிதரின் நினைவிலிருந்து கணினியின் கோப்புக்குச் சென்றது. அளவையின் வரலாற்றில் இது சிறிய மாற்றம் போலத் தோன்றலாம். அது அவ்வளவு சிறியதன்று என்பதை உணர்த்த ஒரு துன்பியல் நிகழ்ச்சி வேண்டியிருந்தது.

2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வட கரோலைனா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனில் பொட்டி, ஜோசப் நெவின்ஸ் முதலியோர் ‘நேச்சர் மெடிசின்’ என்னும் ஏட்டிற் கட்டுரையொன்றை வெளியிட்டனர். புற்றுநோய்க்கான மருந்துகள் ஒருவருக்குப் பலிக்கும், மற்றொருவருக்குப் பலிக்கா. பலியாதவரும் வாந்தியையும் முடியுதிர்வையும் சிறுநீரகச் சிதைவையும் அனுபவித்தே தீரவேண்டும். எந்த மருந்து எவருக்குப் பலிக்கும் என்பதை முன்கூட்டியே அறிதற்கு வழியொன்றைக் கண்டுவிட்டதாக அக்கட்டுரை கூறியது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவகம் ஆய்வுகூடத்தில் வளர்த்துவரும் 60 புற்றுநோய்க் கலவகைகள் உள. ஒவ்வொரு மருந்துக்கும் அவற்றுள் எவை இலகுவில் மடிகின்றன, எவை தாக்குப்பிடிக்கின்றன என்பது ஏலவே தெரியும். மடிவனவற்றையும் தாங்குவனவற்றையும் வேறுபடுத்தும் பரம்பரையலகுகளைச் சில்லுகளின் துணையுடன் தெரிந்தெடுத்து, அவற்றின் வெளிப்பாட்டுக் கோலத்தை ஒரு கையொப்பம் போலக் கொண்டு, நோயாளியின் கட்டியில் அக்கையொப்பம் காணப்படுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். எண்ணம் எளியது, அழகியது. அது உண்மையாயின் எத்துணையோ பேரின் வீண் துன்பம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில் எம்.டி. அன்டர்சன் புற்றுநோய் நிலையம் உள்ளது. அங்குள்ள மருத்துவர்கள் இப்புதிய முறையைத் தங்கள் நோயாளிகளுக்கும் பயன்படுத்த விரும்பினர். அதனை விளங்கிக்கொண்டு செய்துதருமாறு தங்கள் நிலையத்துப் புள்ளிவிபரவியலாளர்களான கீத் பாகெர்லி, கெவின் கூம்ப்ஸ் ஆகிய இருவரையும் கேட்டனர். இவ்விருவரும் குற்றங்காணப் புறப்பட்டவர்கள் அல்லர். சமையற் குறிப்பொன்றைப் பார்த்துச் சமைக்கப் புறப்பட்டவர்கள். சில்லுகளின் அளவீடுகளைக் கட்டுரையாசிரியர்கள் பொதுவில் வைத்திருந்தனர். ஆகவே அதே எண்களைக் கொண்டு அதே வழியிற் சென்றால் அதே முடிவு வரவேண்டும்.

முடிவு வரவில்லை. வராத விதந்தான் விசித்திரமானது. வெளிப்பாட்டு அளவீடுகளைச் சிவப்பும் நீலமுமான சிறு கட்டங்களாக்கி வரைபடமாகக் காட்டுவது இத்துறையின் வழக்கம். இருவரும் வரைந்த படங்கள் கட்டுரையில் வெளிவந்த படங்களோடு கட்டத்துக்குக் கட்டம் பொருந்தின. அதே மென்பொருள் அதே வேளையிற் பரம்பரையலகுகளின் பட்டியலையும் தருகின்றது. அப்பட்டியலோ பொருந்தவில்லை. படம் சரி, பெயர்கள் வேறு. நீண்ட நேரம் இரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்கியபோது உண்மை புலனாயிற்று. வெளியிடப்பட்ட பெயர்களுள் மிகப் பெரும்பான்மையானவை, இருந்திருக்கவேண்டிய பெயர்களின் அடுத்த நிரையில் உள்ளவை. 12,000க்கு மேற்பட்ட நிரைகளைக் கொண்ட அட்டவணை ஒரேயொரு நிரை பிறழ்ந்திருந்தது.

ஏடு பெயர்த்தெழுதுவோரின் கண் ஒரு வரி தாவிவிடுவதை அறிந்த தமிழ் மாணவருக்கு இப்பிழை அந்நியமானதன்று. பதிப்பாசிரியர்கள் இதனைக் கண்டவுடன் நகைப்பர், திருத்துவர், அடிக்குறிப்பொன்றை இட்டு அப்பாற் செல்வர். ஏட்டில் வரி தாவினால் யாப்புக் கெடும், பொருள் முறியும்; பாட்டே தன் காயத்தைக் காட்டிவிடும். பரம்பரையலகுகளின் அட்டவணைக்கு யாப்பில்லை. பக்கத்து நிரையிலுள்ள பெயரும் ஒரு பரம்பரையலகின் பெயரே. அதுவும் எங்கோ ஒரு புரதத்தை ஆக்குகின்றது, அதனைப் பற்றியும் யாரோ ஒருவர் எழுதியிருக்கின்றார், சற்றே முயன்றால் அதற்கும் புற்றுநோய்க்கும் ஓர் உறவைக் கற்பித்துவிடலாம். பிழையான பெயர் பிழையெனக் கூவுவதில்லை.

இதனினும் வியப்பானது மற்றொன்று. நிரைப் பிறழ்வைச் சரிசெய்த பின்னரும் சில பெயர்கள் எவ்வாற்றானும் பொருந்தாமல் எஞ்சின. சிஸ்பிளாற்றின் என்னும் மருந்துக்கான பட்டியலில் இவ்வாறு எஞ்சிய நான்கும் டி.என்.ஏ.யிற் பழுதுபார்க்கும் பணியோடு தொடர்புடைய பரம்பரையலகுகள். சிஸ்பிளாற்றின் டி.என்.ஏ.யைப் பழுதாக்கியே கலத்தைக் கொல்வது. ஆகவே அவை பட்டியலில் இருப்பது மிகப் பொருத்தம் எனத் தோன்றும். கட்டுரையும் அவற்றையே விதந்து பேசியிருந்தது. ஆனால் மென்பொருள் அவற்றைத் தரவில்லை. அவற்றுள் இரண்டுக்குரிய புள்ளிகளோ, பயன்படுத்தப்பட்ட சில்லில் இடம்பெறவேயில்லை. அளக்கப்படாத ஒன்று அளவீட்டின் பெறுபேறாக அச்சேறியிருந்தது. முடிவை முதலிற் தீர்மானித்துவிட்டு மேற்கோள்களைப் பின்னர் தேடும் பழக்கம் கலைப்பீடத்துக் கட்டுரைகளுக்கு மட்டுமே உரியதென எண்ணியிருந்தோர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நிரைப் பிறழ்வு பெயர்களைத்தான் கெடுத்தது. நோயாளியின் உயிரோடு தொடர்புற்ற பிழை வேறு. மடியும் கலவகைகளையும் தாங்கும் கலவகைகளையும் கணினிக்கு உணர்த்துவதற்கு 0, 1 என்னும் இரு குறிகள் பயன்பட்டன. எது 0, எது 1? சில மருந்துகளைப் பொறுத்தவரை இவை தலைகீழாக இடப்பட்டிருந்தன என்பதைப் பாகெர்லியும் கூம்ப்ஸும் கண்டனர். சோதித்துப் பார்ப்பதற்கெனத் தரப்பட்ட மாதிரிகளுட் சில இரு முறை, மும்முறை இடம்பெற்றிருந்தன. அவற்றுள்ளும் சில ஓரிடத்தில் ‘மடிவது’ எனவும் பிறிதோரிடத்தில் ‘தாங்குவது’ எனவும் பெயரிடப்பட்டிருந்தன. குறி தலைகீழாகும்போது முறை செயலிழந்துபோவதில்லை. அது முன்போலவே உறுதியாக, எதிர்த்திசையைச் சுட்டிக்கொண்டு நிற்கும். எந்த மருந்து ஒருவருக்கு உதவாதோ அதனையே அவருக்கு உகந்ததென எடுத்துக்கொடுக்கும்.

2007 இன் இறுதியில் ‘நேச்சர் மெடிசின்’ இருவரின் ஆட்சேபத்தையும் கடித வடிவிலே வெளியிட்டது. டியூக் குழுவினர் தங்கள் முறை பயன்தருகின்றது என அங்கேயே மறுமொழி தந்தனர். வெளியே நின்று பார்ப்பவருக்கு இது நிபுணர் இரு சாராரின் வாதமாகவே தோன்றியிருக்கும். இதற்கிடையில் டியூக்கிலே, சுவாசப்பைப் புற்றுநோயாளரையும் மார்பகப் புற்றுநோயாளரையும் கொண்டு மூன்று சிகிச்சைச் சோதனைகள் 2007 இலும் 2008 இலும் தொடங்கப்பட்டுவிட்டன. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை அக்கையொப்பங்களே தீர்மானித்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் அவற்றிற் சேர்க்கப்பட்டனர். தம் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட துணுக்கொன்று தமக்கான மருந்தைத் தானே கூறும் எனக் கேட்டபோது அவர்கள் எய்தியிருக்கக்கூடிய ஆறுதலை எந்தச் சில்லாலும் அளக்க இயலாது.

சோதனைகள் நடைபெறுகின்றன என்பதை 2009 இல் அறிந்தபோது ஹூஸ்ரன் இருவருக்கும் விவகாரம் வேறு வடிவம் பெற்றது. அதுவரை அது கட்டுரை ஒன்றின் பிழை. அதன்பின் அது மனிதரின் உடலில் ஏற்றப்படும் பிழை. உயிரியல் ஏடுகளில் இடம் எளிதிற் கிட்டாமையால், புள்ளிவிபரவியலாரின் ஏடொன்றிலே 2009 செப்ரெம்பரில் தம் ஆய்வை வெளியிட்டனர். அதில் அவர்கள் தாம் செய்த பணிக்குத் தடயவியலின் பெயரைச் சூட்டியிருந்தனர். பிரேதத்தைப் பரிசோதித்து மரணம் நிகழ்ந்த விதத்தை ஊகிப்பது போல, அச்சேறிய பெறுபேற்றிலிருந்து பின்னோக்கிச் சென்று, என்ன செய்திருந்தால் இது கிடைத்திருக்கும் என ஊகிக்கவேண்டியிருந்தது. அடிக்கடி நேரும் பிழைகள் மிக எளியவையே என்பது பாகெர்லி தம் உரைகளில் வலியுறுத்திய கருத்தின் சாரம். நிரை பிறழ்தல், குறி மாறுதல், பெயர் கலத்தல் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க உயர்கணிதம் வேண்டியதில்லை. ஆவணம் வேண்டும், அதனைக் காட்ட மனம் வேண்டும்.

டியூக் பல்கலைக்கழகம் அவ்வாண்டு ஒக்ரோபரிற் சோதனைகளை நிறுத்திவைத்து, வெளியாரைக் கொண்ட குழுவொன்றிடம் விசாரணையை ஒப்படைத்தது. விசாரணை நடந்துகொண்டிருந்த வேளையில் பாகெர்லி புதிதாகக் கண்ட பிழைகளை எழுதி அனுப்பினார். அவ்வெழுத்து அக்குழுவின் கைக்குச் சென்று சேரவில்லை. 2010 ஜனவரியிற் சோதனைகள் மீண்டும் தொடங்கின. அவ்வாண்டு ஜூலையிலே பொட்டி தம் தகைமைக் குறிப்புகளில் தமக்கு றோட்ஸ் புலமைப்பரிசில் கிடைத்ததாகப் பொய்யாகக் குறித்திருந்தமையைச் செய்தியேடொன்று வெளிப்படுத்தியது. முப்பதுக்கு மேற்பட்ட புள்ளிவிபரவியலாளர் சோதனைகளை நிறுத்தக் கோரித் தேசியப் புற்றுநோய் நிறுவகத்துக்குக் கடிதம் எழுதினர். சோதனைகள் நின்றன. நவம்பரில் அவை முற்றாகவே மூடப்பட்டன. பொட்டி பதவி விலகினார். முன்னர் நான்காண்டுகளாக நிரைகளும் குறிகளும் பேசிய உண்மை செவியில் ஏறவில்லை. புலமைப்பரிசில் பற்றிய ஒற்றைப் பொய் ஒரே கிழமையில் ஏறிவிட்டது. எண்ணைச் சோதிப்பதைக் காட்டிலும் மனிதரைச் சோதிப்பது உலகத்தாருக்கு எளிதாக இருக்கின்றது போலும்.

இந்நிகழ்ச்சியைத் தனியொருவரின் வஞ்சகமாகக் கொண்டு ஆறுதலடைவாரும் உளர். அவ்வாறுதலுக்கு இடமில்லை என்றே கொள்ளவேண்டும். கணினியின் அட்டவணை மென்பொருளொன்று ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்னும் பரம்பரையலகுப் பெயர்களை மாதப் பெயர்களென மயங்கித் தேதிகளாக மாற்றிவிடுவது 2004 இலேயே சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. 2016 இல் ஆய்வொன்று முன்னணி ஏடுகளைப் பரிசீலித்தபோது, அத்தகைய பட்டியல்களை இணைத்திருந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொன்றில் இப்பிழை மலிந்திருந்தது. ஈற்றில் 2020 இல், மென்பொருளைத் திருத்துவதற்குக் காத்திராமல், பெயரிடும் குழுவினர் பரம்பரையலகுகளின் பெயர்களையே மாற்றிவிட்டனர். இங்கே வஞ்சகர் எவருமில்லை. பெயர் எண்ணை விட்டு நழுவுவதற்கு வஞ்சகம் தேவையுமில்லை.

மற்றொரு நிகழ்ச்சி இந்நாட்டு வாசகருக்கு இன்னும் சற்றுக் கூர்மையாகப் படும். 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஐரோப்பிய வழியினருக்கும் ஆசிய வழியினருக்கும் இடையே பெருந்தொகையான பரம்பரையலகுகளின் வெளிப்பாடு வேறுபடுகின்றது எனக் கூறியது. அதே ஆண்டில் வேறு சிலர் அவ்வளவீடுகளை மீண்டும் புரட்டிப் பார்த்தனர். ஐரோப்பியரின் சில்லுகள் பெரும்பாலும் 2003, 2004 ஆம் ஆண்டுகளிலும் ஆசியரின் சில்லுகள் 2005, 2006 ஆம் ஆண்டுகளிலும் அளக்கப்பட்டிருந்தன. ஆகவே காணப்பட்டது இனத்தின் வேறுபாடோ ஆண்டின் வேறுபாடோ என்பதைப் பிரித்தறியவே வழியிருக்கவில்லை. அளந்த நாளைக் குறித்துவைத்திராவிடின் இன வேறுபாடு என்ற கூற்றே விஞ்ஞானத்தின் தீர்ப்பாக நிலைத்திருக்கும்.

டியூக்கின் கதையில் இன்னொருவரைப் பற்றிக் கூறவேண்டும். அவர் பெயர் பெற்றவர் அல்லர். மூன்றாமாண்டு மருத்துவ மாணவர். அப்பல்கலைக்கழகத்தில் மாணவர் மூன்றாமாண்டை ஆய்வுக்கெனச் செலவிடுவது வழக்கம். அவ்வாறு அந்த ஆய்வுகூடத்திற் சேர்ந்து, கையொப்பங்களைக் கணிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். நேரிய முறையிற் கணித்தபோது அவருடைய கையொப்பங்கள் முன்னைய கட்டுரைகளிற் போலத் துல்லியமாக அமையவில்லை. முதலில் அவர் தம் திறமையையே ஐயுற்றிருப்பார்; மாணவர் எவரும் அவ்வாறே ஐயுறுவர். பின்னர் முன்னையவை எவ்வாறு அமைந்தன என்பதை ஆராயத் தொடங்கினார். பொருந்தாத மாதிரிகள் சோதனையிலிருந்து நீக்கப்பட்டிருந்தமையும், எஞ்சியவற்றைக் கொண்டு முறை பலித்ததாகக் காட்டப்பட்டமையும் அவருக்குப் புலப்பட்டன. ஹூஸ்ரனில் இருவர் ஆண்டுக்கணக்காக வெளியே நின்று ஊகித்ததை அவர் உள்ளே நின்று கண்டார்.

2008 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், தம் ஐயங்களை ஆவணமொன்றாக எழுதி மேலிடத்தாரிடம் கையளித்தார். எழுதுகையில் அவர் முன்னிருந்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். ஓராண்டு உழைப்பு; தம் பெயர் இடம்பெற்ற கட்டுரைகள்; மருத்துவராகப் பயிற்சி பெறச் செல்லுமிடத்திற் காட்டவேண்டிய நற்சான்றிதழ், அதனை எழுதித் தரவேண்டியவர்களே அவர் குறைகூறும் ஆய்வுகூடத்தின் தலைவர்கள். பல்கலைக்கழகங்களில் வாழ்வோர் எவருக்கும் இக்கணக்கு விளங்கும். விரிவுரையாளரின் குறிப்பில் ஆண்டு பிழைத்திருப்பதைக் கண்டும் பரீட்சைத் தாளில் அப்பிழையையே எழுதிவைத்துப் புள்ளி பெறும் மாணவர் உலகெங்கும் உளர்.

அவரிடம் எவரும் கடுமையாகப் பேசியதாகத் தெரியவில்லை. இவ்விடயத்தை ஆய்வுகூடத்தின் தலைவரோடு பேசித் தீர்த்துக்கொள்வதே முறையென்றும், புலமைப்பரிசில் வழங்கிய நிறுவகம் வரை கொண்டு செல்லவேண்டியதில்லை என்றும் அவருக்கு எடுத்துக்கூறப்பட்டது. மேற்கொண்டு வாதிடும் நிலையில் அவர் இருக்கவில்லை. ஆனால் இரண்டு செயல்கள் அவர் கைவசம் இருந்தன. தம் பெயரைக் கட்டுரைகளிலிருந்து நீக்கச் செய்தார்; ஆய்வுகூடத்தை விட்டு விலகினார். விலகியதன் விலை, அங்கு கழித்த ஆண்டு கணக்கில் எடுக்கப்படாது போதல். அவர் ஆவணம் எழுதிய பின்னரும் ஈராண்டுக்கு மேலாக, இடையில் நேர்ந்த சிறு நிறுத்தம் தவிர, நோயாளர் அச்சோதனைகளிற் சேர்க்கப்பட்டு வந்தனர்.

‘நேச்சர் மெடிசின்’ கட்டுரை 2011 ஜனவரியில் மீளப்பெறப்பட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக, அக்குழுவின் வேறு பல கட்டுரைகளும் அதே கதியை அடைந்தன. அமெரிக்க மருத்துவ நிறுவகம் அமைத்த குழுவொன்று 2012 மார்ச்சிலே நீண்ட அறிக்கையொன்றை வெளியிட்டது. கணிப்பு முறை முழுவதையும் சோதனை தொடங்குமுன் மாற்றமுடியாதவாறு நிலைப்படுத்தல் வேண்டும். அளவீடுகளும் கணினி நிரலும் பிறர் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். வேறு மாதிரிகளைக் கொண்டு முறை உறுதிசெய்யப்படல் வேண்டும் என அது விதந்துரைத்தது. சில்லுகளின் காலம் இன்று பெரிதும் கடந்துவிட்டது. 2008 அளவிலிருந்து ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் வரிசையையே வாசித்து எண்ணும் முறைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு தனிக்கலத்தின் வெளிப்பாட்டைக் கூட அளக்க முடிகின்றது. அட்டவணையின் நிரைகள் குறையவில்லை. கலத்துக்கு ஒரு நிரலாக அது பக்கவாட்டிலும் வளர்ந்துகொண்டிருக்கின்றது.

நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் தொடுத்த வழக்குகள் 2015 இல் இணக்கத்தில் முடிந்தன. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம், பொட்டி பொய்யான தரவுகளை ஆய்வுகளிற் சேர்த்திருந்தார் எனத் தீர்மானித்தது. அவர் அதனை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை.

மருத்துவ மாணவரின் ஆவணம் பகிரங்கமானது அதே 2015 இன் ஜனவரியில், வழக்குகளுக்கெனத் திரட்டப்பட்ட பத்திரங்களுக்கிடையிலிருந்துதான். 2012 இன் அறிக்கையை எழுதிய குழுவினர் அதனைக் கண்டிருக்கவில்லை. உள்ளிருந்து எவரும் எச்சரிக்கவில்லை என்ற எண்ணத்திலேயே அவர்கள் தம் பணியை முடித்திருந்தனர். அதற்குள் அம்மாணவர் வேறோர் ஆய்வுகூடத்தில் மூன்றாமாண்டை மறுபடியும் முதலிலிருந்து செய்து, பட்டம் பெற்று வெளியேறிவிட்டார்.